கடைவரவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பாயிரம்

காத்திருப்பவர்களுக்கென்றே தமிழ் இலக்கணம் முல்லைத் திணையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. போருக்குப் போன தலைவன் கார்காலத்தில் திரும்பிவிடுவான் என்று நம்பி வீட்டில் இருக்கும் தலைவிக்கு அதில் இடமுண்டு. மளிகைக் கடை ஒன்று தன் ஊருக்கு வந்துவிடும் என்று நம்பி இருப்பவருக்கு எந்தத் திணையில் இடம் என்பதை உரையாசிரியர்கள் யாரும் எடுத்துப் பேசவில்லை. இளம்பூரணர் தொடவில்லை. நச்சினார்க்கினியர் எதையும் லேசில் விடுபவரல்லர், அவரும் விட்டுவிட்டார். அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு எழுந்தது.

ஆய்வுக் களம் அமெரிக்கா. ஆய்வுப் பொருள், அடுத்த மாநிலத்தில் இருக்கும் ஒரு கடை நம் ஊருக்கும் வராதா என்று ஊரே கிடந்து ஏங்கும் ஏக்கம். கடையின் பெயர் டிரேடர் ஜோஸ். அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டக் கூடாது என்று விதி இருப்பது இந்த ஆய்வுக்குத் தெரியும். ஆனால் அந்த விதி அன்பின் ஐந்திணைக்கு உரியது. இங்கே நடப்பது கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். ஆகவே பெயர் சொல்லலாம், குற்றமில்லை.

கைக்கிளைதான் என்பதற்குச் சான்று கேட்கப்படும். தருவோம். ‘எங்கள் ஊரில் ஒரு கடை திறங்கள்’ என்று கேட்பதற்கென்றே அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. ஊரின் பெயரை எழுதி அனுப்பலாம். அனுப்பிவிட்டால் கடை வரும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. மறுமொழி சொல்லாத ஒருத்தியிடம் தன் பாட்டுக்குப் பேசி, பேசியதிலேயே இன்பம் காண்பதுதான் கைக்கிளை என்று தொல்காப்பியர் வகுத்தார். அந்தப் பக்கத்தை அவர் பார்த்திருந்தால் நூற்பாவில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

தலைவன் வரலாறு

கடையைத் தொடங்கிய ஜோ கூலோம் 1930இல் சான் டியாகோவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை படித்தவர். ரெக்ஸால் என்ற மருந்துக் கடை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1958இல், ப்ரான்டோ மார்க்கெட்ஸ் என்ற பெயரில் சின்னக் கடைகளைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிற்பாடு அந்தக் கடைகளை அவரே வாங்கிக்கொண்டார். 1960களின் நடுவில் செவன்-லெவன் கலிஃபோர்னியாவுக்குள் காலடி வைத்தது. அதே மாதிரிக் கடையை அதே மாதிரி நடத்தி அந்த யானையோடு மோத முடியாது என்று கூலோமுக்குப் புரிந்துவிட்டது.

அப்போது அவர் பத்திரிகைகளில் இரண்டு செய்திகளைக் கவனித்தார். போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசு கொடுத்த கல்விச் சலுகையால் கல்லூரி படித்தவர்கள் தொகை கூடிக்கொண்டே போகிறது என்பது ஒன்று. போயிங் 747 என்ற பெரிய விமானம் வரப் போகிறது, வெளிநாட்டுப் பயணம் மலிவாகிவிடும் என்பது மற்றது. இரண்டையும் சேர்த்து அவர் போட்ட கணக்கு எளிமையானது. படித்தவன் ஐரோப்பா போவான். போனவன் அங்கே தின்ற பாலாடைக்கட்டியையும் குடித்த ஒயினையும் ஊர் திரும்பியதும் தேடுவான். நாக்கு பழகியிருக்கும், பை பழகியிருக்காது. அவனுக்கு ஒரு கடை வேண்டும்.

தன் வாடிக்கையாளர் யார் என்று கூலோம் பிற்காலத்தில் சொன்ன வரையறை புகழ்பெற்றது: அளவுக்கு மீறிப் படித்தவர், அளவுக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குபவர். பத்திரிகையாளர், இசைக் கலைஞர், அருங்காட்சியகக் காப்பாளர் என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறார். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர்கள் நினைவுக்கு வரலாம். அவர்கள் நிலைமை வேறொரு ஆய்வுக்கு உரியது. அது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்க முடியாது.

1967இல் முதல் டிரேடர் ஜோஸ் பாசடீனாவில், அரோயோ பார்க்வே சாலையில் திறந்தது. கால்டெக் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். படித்தவர்கள் ஊர் என்பதற்காகவே கூலோம் அதைத் தேர்ந்தெடுத்தார். இந்தத் தகவலை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் அழுகை முழுவதற்கும் காரணம் இதுதான்.

1979இல் கூலோம் கடைகளை ஜெர்மனியின் தியோ ஆல்பிரெக்டுக்கு விற்றார். ஆல்டி என்ற மலிவு விலைக் கடைகளை வளர்த்த ஆல்பிரெக்ட் சகோதரர்களில் இளையவர் தியோ, மூத்தவர் கார்ல். கடையில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற தகராறில் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பார்கள். வட ஜெர்மனி தம்பிக்கு, தென் ஜெர்மனி அண்ணனுக்கு. அமெரிக்காவில் ஆல்டி என்ற பலகையோடு இருப்பவை அண்ணன் பாகத்துக் கடைகள். டிரேடர் ஜோஸ் தம்பி பாகம். ஆகவே பல ஊர்களில் அண்ணன் கடை எப்போதோ வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அதில் போய்ப் பால் வாங்கிக்கொண்டே தம்பி கடை வரவில்லை என்று ஏங்குகிறார்கள்.

தியோவின் குணம் பற்றியும் ஒரு சொல். 1971இல் அவரைக் கடத்திக்கொண்டு போய் 17 நாள் அடைத்து வைத்து, 70 லட்சம் மார்க் பணயத் தொகை வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே வந்தவர் அந்தத் தொகையை வணிகச் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்டார். தன் உயிரையே கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்த குடும்பத்தின் கடை, ஓர் ஊரின் ஏக்கத்துக்காக மட்டும் கதவைத் திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

தலைவன் அழகு

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? உள்ளே போனால் பலகை அடித்த சுவர்கள், கையால் எழுதிய விலைப் பலகைகள், பூப்போட்ட ஹவாய்ச் சட்டை அணிந்த ஆட்கள். மேலாளருக்குக் கேப்டன் என்று பெயர், மற்றவர்கள் கப்பல் பணியாளர்கள். ஒலிபெருக்கி கிடையாது, மணிதான். ஒரு தரம் அடித்தால் இன்னொரு கல்லாவைத் திற என்று பொருள். இரண்டு தரம் அடித்தால் கல்லாவில் யாருக்கோ சந்தேகம். மூன்று தரம் அடித்தால் மேலாளர் வர வேண்டும். அலமாரிகளுக்கு நடுவில் எங்கோ ஒரு பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். கண்டுபிடிக்கும் குழந்தைக்கு மிட்டாய் கிடைக்கும். வரிசையில் நிற்கும் அப்பாக்களுக்கு அந்தப் பொம்மை செய்யும் உதவி பெரியது.

பெரிய சூப்பர்மார்க்கெட் என்றால் 30,000க்கும் மேற்பட்ட சரக்கு இருக்கும். இங்கே சுமார் 4,000தான். அதிலும் பெரும்பகுதி கடையின் சொந்தப் பெயரிலேயே வருவது. கூப்பன் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும் இல்லை. போனால்தான் உண்டு. சொந்தப் பெயரில் வரும் சரக்கு வேறெங்கும் கிடைக்காது என்பதால் ஊரில் கடை இல்லாதவருக்குச் சரக்கும் இல்லை. ஏக்கத்தின் பொறிநுட்பம் இதுதான், மற்றதெல்லாம் பூச்சு. 2023 ஆகஸ்டில் கொரியாவின் கிம்பாப்பை உறையவைத்து 3.99 டாலருக்கு விற்றார்கள். சில வாரத்தில் நாடு முழுக்கத் தீர்ந்துபோயிற்று. அடுத்த ஆண்டு 2.99 டாலருக்கு ஒரு சின்னத் துணிப்பை போட்டார்கள். அதை வாங்கியவர்கள் இணையத்தில் நூற்றுக்கணக்கான டாலர் விலை கேட்டார்கள். மளிகைக் கடைத் துணிப்பைக்குத்தான். நம் ஊர் ஜவுளிக் கடைகள் இலவசமாகக் கொடுக்கும் மஞ்சள் பை எவ்வளவு பெரிய முதலீடு என்று இப்போது தெரிகிறது.

வாழைப்பழக் கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. முன்பெல்லாம் இந்தக் கடையில் வாழைப்பழத்தைப் பையில் போட்டு மொத்தமாகத்தான் விற்றார்கள். அரிசோனாவின் சன் சிட்டி முதியவர்கள் அதிகம் வாழும் ஊர். அங்கிருந்த கடையில் ஒரு மூதாட்டி வாழைப்பழப் பைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு எடுக்காமல் நகர்ந்தார். அப்போது நிறுவனத் தலைவராக இருந்த டான் பேன் அருகில் போய்க் காரணம் கேட்டிருக்கிறார். நாலாவது பழம் வரை நான் உயிரோடு இருப்பேனோ என்னவோ, தம்பி, என்ற பொருளில் பதில் வந்ததாம். அதன் பிறகு பழத்தை ஒவ்வொன்றாக 19 செண்டுக்கு விற்கத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த விலை மாறவில்லை. 2024இல்தான் 23 செண்ட் ஆனது. விலைவாசியைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதியவற்றில் அந்த நாலு செண்டுக்குக் கிடைத்த இடம் கொஞ்சநஞ்சமல்ல.

கருதுகோள்

இனி மையக் கேள்விக்கு வருவோம். உறைந்த கிம்பாப்பும் ஒற்றை வாழைப்பழமும் கிடைக்காததற்காக ஓர் ஊர் இத்தனை வருந்துமா? வயிற்றுக்குத் தேவையான அரிசியும் பருப்பும் அந்த ஊர்களில் வேறு கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

ஊர்கள் ஏங்குவது சரக்குக்காக அன்று, சான்றிதழுக்காக. தலைவன் பாசடீனாவைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வீடு பிடித்தான். அன்று முதல் அவன் வந்த ஊர் படித்தவர்கள் ஊர், வராத ஊர் யோசிக்க வேண்டிய ஊர் என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டோடு பேசி முடித்துவிட்டுப் போனால் இந்த வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் இந்த ஊர்களிலும் நடக்கிறது. எங்கள் ஊரிலும் கல்லூரி இருக்கிறது, எங்கள் வீதியிலும் இரண்டு பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்று முறையீடுகளில் ஜாதகம் வாசிக்கிறார்கள். எங்கள் ஊரில் பாலாடைக்கட்டி தட்டுப்பாடு என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

காத்திருப்பின் நீளத்தை அளக்கவும் வழியுண்டு. 1967 பாசடீனாவிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டவே கடைக்கு 26 ஆண்டு பிடித்தது. 1993இல்தான் அரிசோனாவின் பீனிக்ஸுக்குப் போயிற்று. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருக்கும் பாஸ்டன் வட்டாரத்துக்கு 1996. படிப்பே அளவுகோல் என்றால் பாஸ்டன்காரர்கள் 29 ஆண்டு என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி எழும். இடையில் ஒரு கண்டம் கிடந்தது என்பதே விடை. மன்ஹாட்டனுக்கு 2006. டெக்சஸுக்கு 2012, அங்கேயும் முதல் வரிசையில் ஃபோர்ட் வொர்த் நின்றது, டாலஸ் நிற்கவில்லை. அந்த இரண்டு ஊருக்கும் உள்ள பழைய பங்காளிப் பகை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சான்றிதழுக்கு ரொக்க மதிப்பும் உண்டு. வீட்டு விலைகளைத் தொகுக்கும் ஸில்லோ நிறுவனத்தின் தலைவர்கள் 2015இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். டிரேடர் ஜோஸ், ஹோல் ஃபுட்ஸ் ஆகிய கடைகளுக்கு ஒரு மைலுக்குள் இருக்கும் வீடுகள் மற்ற வீடுகளைவிட வேகமாக விலை ஏறியதாக அதில் கணக்குக் காட்டினார்கள். கடை வந்ததால் விலை ஏறியதா, ஏறப் போகிற இடத்தை மோப்பம் பிடித்துக் கடை வந்ததா? காக்கையும் பனம்பழமும் பற்றிய பழைய வழக்குத்தான். வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தத்துவம் தேவைப்படவில்லை. காக்கை வந்து உட்கார்ந்தால் போதும்.

மறுப்பும் பதிவாக வேண்டும், இல்லையேல் ஆய்வு நிறைவு பெறாது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், மார்ட்டின் லூதர் கிங் சாலையும் ஆல்பர்ட்டா வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மனை காலியாகக் கிடந்தது. அங்கே டிரேடர் ஜோஸ் வருவதாக ஏற்பாடாயிற்று. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வாடகை ஏறியதால் வெளியேறிக்கொண்டிருந்த பகுதி அது. கடை வந்தால் வாடகை இன்னும் ஏறும், எஞ்சியிருப்பவர்களும் போக வேண்டியதுதான் என்று போர்ட்லாந்தின் ஆப்பிரிக்க அமெரிக்கத் தலைமை மன்றம் எதிர்த்தது. நிறுவனம் வாதாடவில்லை. வேண்டாம் என்கிற இடத்துக்கு வர மாட்டோம் என்று சொல்லி 2014 தொடக்கத்தில் ஒதுங்கிக்கொண்டது. வேண்டும் என்பவர்கள் அதன் பிறகுதான் குரல் எழுப்பினார்கள். ஸில்லோ சொன்ன அதே உண்மையை இந்த மக்கள் மறுபக்கத்திலிருந்து படித்தார்கள். சொந்த வீட்டுக்காரனுக்கு வரமாகத் தெரிவது வாடகைக்காரனுக்கு நோட்டீஸாகத் தெரிகிறது.

நிமித்தம்

வருவதற்கு முன் தலைவன் சொல்லி அனுப்புவதில்லை. ஒப்பந்தம் முடியும் வரை நிறுவனம் வாய் திறக்காது. ஆகவே ஊர் நிமித்தம் பார்க்கிறது. பல்லி சொல்வதும் இடக்கண் துடிப்பதும் அமெரிக்காவில் செல்லாது. அங்கே மூடிக் கிடக்கும் கடையின் கண்ணாடியில் ஒட்டப்படும் மது உரிம அறிவிப்புக் காகிதம்தான் நிமித்தம். மாநகராட்சியில் யாரோ கட்டட அனுமதி கேட்டிருக்கிறார்கள், வரைபடத்தில் குளிர்பெட்டிகள் இருக்கின்றன, விண்ணப்பித்தவரின் முகவரி கலிஃபோர்னியாவின் மன்ரோவியா. தலைமையகம் மன்ரோவியாவில்தான் இருக்கிறது என்பது இந்தத் துறையில் பால பாடம். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருவர் இந்தக் காகிதங்களைத் தோண்டுவதையே வேலையாக வைத்திருப்பார். அவர் எழுதியதும் ஊர் வாய் மூடாது. இலக்கணம் இதை அலர் என்கிறது.

மது உரிமத்தில் ஏன் இத்தனை கண்? 2002இல் சார்ல்ஸ் ஷா என்ற ஒயினை இந்தக் கடை 1.99 டாலருக்கு விற்கத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் அதற்கு இரண்டு ரூபாய்க் குப்பி என்கிற மாதிரி ஒரு செல்லப் பெயர் வந்துவிட்டது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூயார்க்கில் மளிகைக் கடை ஒயின் விற்கக் கூடாது; ஒயின் கடை என்று தனியே வைத்தாலும் ஓர் உரிமையாளருக்கு ஒன்றே ஒன்றுதான். ஆகவே அந்த மாநிலம் முழுவதற்குமாக மன்ஹாட்டனின் 14ஆம் தெருவில் ஒரே ஒரு டிரேடர் ஜோஸ் ஒயின் கடை இருந்தது. 2022 ஆகஸ்டில் அதையும் மூடிவிட்டார்கள். மதுவிலக்குக் காலத்துக்குப் பின் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குச் சட்டம் எழுதிக்கொண்டதன் பலன், படித்து ஏழையானவன் குறைந்த விலையில் குடிக்க முடியாமல் போனது.

பெருந்திணை

காமம் எல்லை மீறினால் பெருந்திணை. பனங்கருக்கில் குதிரை செய்து அதில் ஏறித் தெருவழியே வருவதை மடலேறுதல் என்பார்கள். ஏறுவேன் என்று மிரட்டுவதோடு பலர் நின்றுவிடுவார்கள். உண்மையிலேயே ஏறிவிட்ட ஒருவரை இந்த ஆய்வு கண்டெடுத்திருக்கிறது.

அவர் மைக் ஹலட். ஊர் கனடாவின் வான்கூவர். கனடாவில் டிரேடர் ஜோஸ் கிடையாது. எல்லையைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமுக்குப் போனால் உண்டு. ஹலட் அங்கே போய்ச் சில்லறை விலை கொடுத்துச் சரக்கை வாங்கி, எல்லையில் வரி கட்டி, வான்கூவரில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார். 2012இல் கடையைத் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பைரேட் ஜோஸ், அதாவது கடற்கொள்ளை ஜோ. ஒளிவுமறைவே இல்லை.

டிரேடர் ஜோஸ் ஆட்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள், விற்க மறுத்தார்கள். ஹலட் மாறுவேடம் போட்டார். பெண் வேடமும் போட்டிருக்கிறார். அதுவும் பலிக்காதபோது வேறு ஆட்களுக்குக் கூலி கொடுத்து வாங்கிவரச் சொன்னார். 2013இல் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதற்குள் அவர் அந்தக் கடைகளில் செலவழித்திருந்த தொகை 3,50,000 டாலருக்கும் மேல் என்று வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன. உலகத்தின் மிகச் சிறந்த வாடிக்கையாளர் ஒருவர்மேல் கடை வழக்குப் போட்டது என்று இதைச் சுருக்கலாம்.

ஹலட் சளைக்கவில்லை. பெயர்ப் பலகையின் முதல் எழுத்தை மட்டும் கழற்றிவிட்டார். கொள்ளைக்கார ஜோ ஆங்கிலத்தில் கோபக்கார ஜோ ஆகிவிட்டார். கனடாவில் நடந்ததற்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது என்று முதல் நீதிமன்றம் 2013 அக்டோபரில் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அந்தத் தீர்ப்பைப் புரட்டி, வழக்கு நடக்கட்டும் என்றது. இனி வக்கீலுக்குக் கொடுக்கத் தன்னால் ஆகாது என்ற நிலையில் ஹலட் 2017 ஜூனில் கடையைப் பூட்டினார். கனடாவுக்கு டிரேடர் ஜோஸ் வந்தால் தன் கடையை மூடிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதாவது, தலைவன் வந்து திருமணம் நடந்தால் மடலிலிருந்து இறங்கிவிடுவேன் என்பது. இலக்கணப்படி இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஹவாயின் நிலைமை இன்னும் உருக்கமானது. கடை ஆட்கள் அணிவது ஹவாய்ச் சட்டை. கடையின் கோலமெல்லாம் தென்கடல் தீவுகளின் கோலம். ஹவாயில் கடை ஒன்றுகூட இல்லை. சரக்குக் கப்பலேறிப் பசிபிக்கைத் தாண்டினால் 19 செண்ட், 23 செண்ட் கணக்கெல்லாம் நிற்காது. ஆகவே லாஸ் ஏஞ்சலிஸ் போய்த் திரும்பும் ஹவாய்க்காரர்கள் உறவினருக்குக் கொடுக்கப் பெட்டி நிறைய அந்தக் கடையின் தின்பண்டங்களைத் திணித்து வருகிறார்கள். தம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவன் தம் வீட்டுக்கு மட்டும் வராத கோபம் அவர்களுக்கு இருக்குமா என்பது தனியே ஆராயத் தக்கது.

தமிழர் நிலை

அமெரிக்கா போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டைக் கைக்கிளை வாய்க்கிறது. டிரேடர் ஜோஸ் வர வேண்டும். அதற்கு முன்னால் நல்ல இந்திய மளிகைக் கடை ஒன்று வர வேண்டும்.

டிரேடர் ஜோஸில் உறைந்த மலபார் பரோட்டா கிடைக்கிறது. தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட வேண்டும். பிறகு சூட்டோடு எடுத்து இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் தட்டி நொறுக்க வேண்டும். அப்போதுதான் அடுக்குப் பிரியும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் செய்முறையைப் படிக்கிற அமெரிக்கருக்கு இந்த இரண்டாவது வேலை தெரிய வாய்ப்பில்லை. சால்னா அந்தக் கடையில் கிடைக்காது. கறிவேப்பிலையும் கிடைக்காது.

கறிவேப்பிலைக்குப் படேல் பிரதர்ஸ் போன்ற கடைதான் கதி. 1974இல் சிகாகோவின் டெவான் அவென்யூவில் மஃபத் படேல், துளசி படேல் என்ற சகோதரர்கள் தொடங்கிய கடை இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளைகளோடு இருக்கிறது. இட்லி அரிசி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் என்று கேட்டால் கல்லாவில் இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் கறிவேப்பிலைக் கொத்துக்கே அங்கே தனி அரசியல் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோய் ஒன்றைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் குடியிருக்கும். அந்தப் பூச்சி 1998இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது, 2005இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து கறிவேப்பிலைக்குக் கெடுபிடிதான். ஊரிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரும் மாமியார்களின் கறிவேப்பிலை விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியோடு நின்றுவிடுகிறது.

இந்தத் தேடல் எந்த அளவுக்குப் போகும் என்பதை 2023 ஜூலை காட்டியது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய இந்திய அரசு அந்த மாதம் 20ஆம் தேதி தடை போட்டது. செய்தி வந்ததும் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைகளுக்கு அடிதடியாகக் கூட்டம் கூடியது. குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டிய கடைகளும் உண்டு. ரேஷன் கடையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கேயும் ரேஷனைப் பார்த்துவிட்டார்கள்.

எனினும் கோட்பாட்டு அளவில் இரண்டு ஏக்கமும் ஒன்றல்ல. இந்தியக் கடை வருவதற்குச் சான்றிதழ் வேண்டாம். தலையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். ஊரில் போதுமான குடும்பங்கள் சேர்ந்தால் யாராவது ஒருவர் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்துத் துவரம் பருப்பை அடுக்கிவிடுவார். அங்கே ஏக்கம் வயிற்றைச் சேர்ந்தது. டிரேடர் ஜோஸுக்கான ஏக்கத்தில் அந்தஸ்து கலந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்யும் தமிழ் மாணவர்களோ கூலோமின் வரையறைக்கு அச்சில் வார்த்தது மாதிரிப் பொருந்துகிறவர்கள்: படிப்பு அதிகம், உதவித்தொகை குறைவு. அவர்கள் இரண்டு கடைக்கும் பேருந்து பிடித்துப் போகிறார்கள்.

மருதம்

கடைசியில் சில ஊர்களுக்குத் தலைவன் வந்தே விடுகிறான். முதல் நாள் விடியற்காலையில் வரிசை நிற்கும். இந்த உற்சாகம் டிரேடர் ஜோஸுக்கு மட்டும் உரியதன்று. 1916இல் ராச்செஸ்டரில் பிறந்த வெக்மன்ஸ் என்ற மளிகைக் கடை 2019 அக்டோபரில் முதல்முறையாகப் புரூக்ளினில் திறந்தபோது, கொட்டும் மழையில் ஏழு மணிக்கு முன்பே கூட்டம் நின்றது.

வந்த பிறகு தொடங்குவது ஊடல். அதன் களம் வண்டி நிறுத்துமிடம். டிரேடர் ஜோஸ் கடைகள் சிறியவை. கடையின் பரப்பளவுக்கு ஏற்பத்தான் நிறுத்துமிடமும் அமையும் என்பதால் அதுவும் சிறியது. கூட்டமோ பெரியது. ஒருவர் பின்னோக்கி எடுக்க, ஒருவர் சமிக்ஞை போட்டுக் காத்திருக்க, மூன்றாமவர் குறுக்கே நுழைய, சனிக்கிழமை காலையில் படித்தவர்கள் ஊரின் படிப்பு என்னவென்று அங்கே தெரிந்துவிடும். நிறுவனமே தன் ஒலிபரப்பில் இதைக் கேலி செய்து பேசியிருக்கிறது.

அடுத்த ஊடல் சரக்கு பற்றியது. 4,000 இடம்தான் இருக்கிறது. புதிது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். விற்கும் சரக்கையே இன்னும் நன்றாக விற்கும் சரக்குக்காக எடுத்துவிடுவார்கள், முன்னறிவிப்பு இருக்காது. ஒரு காலத்தில் கடைக்காக மனுப் போட்டவர்கள் இப்போது நிறுத்தப்பட்ட பிஸ்கட்டுக்காக மனுப் போடுகிறார்கள். இன்னொரு பகுதியினர், கடை வந்தும் அது ஊரின் தெற்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வடக்குப் பக்கத்துக்கு இன்னொன்று வேண்டும் என்று புதிய விண்ணப்பம் அனுப்பத் தொடங்குகிறார்கள். வெக்மன்ஸுக்கு எழுதுபவர்கள் தனிப் பட்டியல்.